சிவனொளிபாதமலை: ஏறுவது இருக்கட்டும், இறங்கப் பழகினீர்களா?

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால், மே மாத வெசாக் போயா வரைக்கும் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வாசலில் இருக்கும் படியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக இறக்குவார்கள். எங்கே போய் வந்தார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. "ஏறும்போது ஒன்றும் செய்யவில்லை மிஸ், இறங்கும்போதுதான் கால் சொல்பேச்சு கேட்கவில்லை" என்பார்கள். ஆள் மாறும், வசனம் மாறாது.

மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏறுவதற்குத்தான் தயாராகிறார்கள். மூச்சு வாங்குமா, நெஞ்சு தாங்குமா என்று யோசிக்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் காலைக் கெடுப்பது இறக்கம். ஒரே இரவில் மஸ்கெலியாப் பக்கத்து நல்லதண்ணியில் ஏறி அங்கேயே இறங்குகிறவர்களுக்கே இந்தக் கதி என்றால், இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாக இரண்டு மூன்று நாள் நடந்து மலையைக் கடந்து வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பழைய பாதையில் போக இப்போது பல இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாதை இன்று நேற்று வந்ததல்ல. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன், மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் படும் சிரமத்தைப் பார்த்து அவர்களுடைய தேவைகளுக்காகக் கிலிமலைக் கிராமத்தையே மானியமாகக் கொடுத்தான். 1344இல் இந்த மலையில் ஏறிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, பாபா (ஆதாம்) வழி, மாமா (ஏவாள்) வழி என்று இரண்டு வழிகளைக் குறிப்பிடுகிறார். பாபா வழி கடினம், மாமா வழி இலகு. இலகுவான வழியால் ஏறியவன் யாத்திரையே செய்யாதவன் என்று அந்தக் காலத்து ஆட்கள் கருதினார்களாம். ஆனால் திரும்பி வருவதற்கு எல்லோரும் அந்த இலகுவான வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள்! என் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்குச் சொல்லக்கூடிய புத்தியை அவர்கள் அப்போதே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

அதனால் என் முதல் ஆலோசனை: பலாபத்தலப் பக்கம் ஏறினால், நல்லதண்ணிப் பக்கம் இறங்குங்கள். மலையுச்சி 2,243 மீட்டர். நல்லதண்ணிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர்தான் இறக்கம். படிகள் 5,000க்கு மேல் இருந்தாலும் தூரம் குறைவு. பலாபத்தலப் பக்கமே திரும்பினால் இறக்கம் அதைவிட வெகு நீளம். ஈரக்காட்டுக்குள் பாசி பிடித்த கற்களில் கால் வைக்க வேண்டும். வேனை இரத்தினபுரியில் நிறுத்தியிருக்கிறோம் என்பதற்காக அந்த வழியாகவே திரும்புகிறவர்கள் உண்டு. வேனுக்காக முழங்காலைக் கொடுக்காதீர்கள். ஒருவர் வேனை மஸ்கெலியாப் பக்கம் கொண்டு வரட்டும். இல்லையென்றால் ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து ரயில் இருக்கிறது.

சரி, இறங்கும்போது அப்படி என்னதான் நடக்கிறது? ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, முழு உடல் எடையையும் தாங்கிக்கொண்டே நீள வேண்டும். பாரத்தோடு நீளும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதன் வலி உடனே தெரியாது. அடுத்த நாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பல நாள் நடையில் இது பெரிய சிக்கல், ஏனென்றால் முதல் நாள் இறக்கத்துக்கான விலையை மூன்றாம் நாள் இறக்கத்தில் கட்ட நேரும். முழங்கால் மூட்டின் கதை வேறு. செயற்கை மூட்டுக்குள் கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான சுமை மூட்டில் விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு படியிலும் 200 கிலோவுக்கு மேல். முதுகுப் பையின் எடை இதில் சேரவில்லை.

தேயிலைத் தோட்டப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கும் அம்மா மலைக்குப் போய்விட்டு வந்து மறுநாளே வேலைக்குப் போகிறார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் இருபத்தைந்து வயது மகன், போயா லீவுக்கு வந்து அதே மலையில் ஏறிவிட்டு லயத்து வாசற்படியில் இறங்க முடியாமல் நிற்கிறார். அம்மாவின் கால் தினமும் கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்கிப் பழகியது. மகன் ஜிம்முக்குப் போகிறவராகவே இருக்கலாம். சமதரையில் ஓடுவதுபோல் ஓடவைக்கும் ஜிம் இயந்திரம் இறங்கக் கற்றுக்கொடுப்பதில்லை. (அந்த அம்மாமாரின் முழங்கால்கள் ஐம்பது வயதுக்குப் பிறகு படும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.)

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை நன்றாக இறங்கிப் பழகினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் சிதைவும் வலியும் வெகுவாகக் குறையும். ஆகவே ஆறு வாரத்துக்கு முன்னால் தொடங்குங்கள். கதிரையில் உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஐந்து எண்ணி மெதுவாக உட்காருங்கள். ஒரு படியில் நின்று, ஒரு காலால் தாங்கிக்கொண்டு மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறக்குங்கள். பத்துப் பத்தாக, இரண்டு காலுக்கும். கொழும்பில் இருப்பவர்கள் மாடிக்கு லிஃப்டில் போய்விட்டுப் படியால் இறங்கலாம், யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய இறக்கம் ஒன்றைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் நடந்து முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம். வலியோடு புறப்பட நேரும்.

மலையில் அவசரப்படாதீர்கள். பலாபத்தல வழியில் மேலே ஹெரமிட்டிபானவில் யாத்திரிகர் தங்கும் மடங்கள் இருக்கின்றன. அங்கே படுத்து எழுந்து, விடியலுக்கு முன் உச்சிக்குப் போவது நல்ல திட்டம். ஆனால் உச்சியில்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குளிர் கூடும். இரத்தினபுரியின் புழுக்கத்தில் புறப்பட்டவர் உச்சியில் அதைவிட 14 பாகை கூடிய குளிரில், காற்றில், வியர்வையில் நனைந்த சட்டையோடு சூரியனுக்காகக் காத்திருக்கிறார். நடுங்குகிறார். சூரிய உதயம் முடிந்ததும் அந்த விறைத்த தொடையோடு நேராகப் படியில் இறங்குகிறார். ஒரு காய்ந்த சட்டையைப் பொலித்தீன் பையில் வைத்திருந்து, மேலே போனவுடன் மாற்றுங்கள். இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கால்களை அசைத்துச் சூடாக்குங்கள். கூட்டம் தள்ளினால் ஓரமாக நின்று விட்டுவிடுங்கள்.

கைத்தடி முழங்காலின் சுமையைக் குறைக்கும், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அது பாதுகாக்கப்பட்ட காடு, அங்கே மரம் வெட்டக்கூடாது. கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். வெறுங்காலோடு போவது நேர்த்தி என்றால் அதில் நான் தலையிடமாட்டேன், ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அந்த நேர்த்தியை வேறு விதத்தில் செலுத்துங்கள். சித்தாலேப தைலம் பூசினால் சூடு பிடிக்கும், மனதுக்கும் இதமாக இருக்கும், காலுக்குப் பலம் வராது.

மாத்திரை விஷயத்தில் கவனம். உடல் வறண்டிருக்கும்போது டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். நண்பர் நீட்டினாலும் வாங்காதீர்கள். தேவைப்பட்டால் பரசிட்டமோல். வியர்த்துக் கொட்டினால் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரேற்றத் தூள்) கரைத்துக் குடியுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினால் இறங்கும் கதையெல்லாம் பிறகு, அங்கேயே உட்காருங்கள். சீசன் நேரத்தில் வழியில் முதலுதவி நிலையங்கள் இருக்கும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் படிகளில் ஏறி வராது, யாராவது உங்களைச் சுமந்துதான் கீழே கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் வலி நாலைந்து நாளில் தணியும். மெதுவாக நடந்தாலே போதும், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஆனால் சில வலிகளை மலை வலி என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால், தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்துக்கு ஆபத்து வந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் எங்கள் நாட்டில் அதிகம் தவறவிடப்படுவது என்பேன். போய் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இரத்தினபுரி மாவட்டம் அந்த நோய்க்குப் பெயர் போனது. அது தொற்ற, ஓடையில் குளித்த நீரும் அட்டை கடித்த காயத்தில் பட்ட சேறும் போதும். மலையேறிய வலி காய்ச்சலைக் கொண்டு வராது. டொக்டரிடம் போனால் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வழியால் போனீர்கள், எந்த ஓடையில் இறங்கினீர்கள், எத்தனை நாளாகிறது என்பதையும் சொல்லுங்கள்.