கர்னல் விழுந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சாதாரண நிரல் ஒன்று முறிந்தால் இயங்குதளம் அதை ஓரங்கட்டிவிட்டு வேலையைத் தொடரும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலே முறிந்தால் தாங்கிப் பிடிக்க அடியில் எதுவும் இல்லை. பிழையை எழுதிவைக்க வேண்டிய டிஸ்க் டிரைவரும் அந்த இடிந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எந்த டீபக்கர் (பிழை தேடும் கருவி) நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லினக்ஸ் கர்னல் தடுக்கி விழும்போது அச்சிடும் ‘ஊப்ஸ்’ அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள் என்பேன் நான். அதில் தவறான முகவரியாக, பதினாறடிமான எண்ணில், வெறும் 18 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு முகவரி சும்மா வராது. ஒரு ஸ்ட்ரக்சரை (பல தரவு உறுப்புகளின் தொகுப்பு) சுட்ட வேண்டிய பாயிண்டர் (முகவரியைத் தாங்கும் மாறி) பெரும்பாலும் வெறுமையாக, அதாவது பூஜ்ஜியமாக, இருந்திருக்கும். அந்த ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து 24 பைட் (பதினாறடிமான 18 நம் வழக்கமான கணக்கில் 24) தள்ளியுள்ள உறுப்பைத் தொடப்போய்க் கர்னல் விழுந்திருக்கும். ஸ்ட்ரக்சரின் அமைப்பைக் காட்டும் ‘பாஹோல்’ கருவியில் பார்த்தால் அந்த உறுப்பின் பெயரே கிடைத்துவிடும். ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) முழுக்க 6பி, 6பி என்று வரிசையாக நின்றால் கதை வேறு. விடுவித்த நினைவகத்தில் கர்னல் வேண்டுமென்றே நிரப்பிவைக்கும் அடையாளம் அது. விட்டுக்கொடுத்த இடத்தை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

அந்த ‘யாரோ’வைப் பிடிக்கக் ‘கேசான்’ என்ற நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது. அதன் வழக்கமான வடிவம் 8 பைட்டுக்கு 1 பைட் என்று நிழல் கணக்கு வைத்து, ஒவ்வொரு தொடுதலையும் சோதிக்கும். கர்னல் மெதுவாகும், ஆனால் இடத்தை யார் வாங்கினார்கள், யார் விடுவித்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளில் சிக்கல் என்றால் ‘லாக்டெப்’. ஓரிடத்தில் முதல் பூட்டுக்குப் பின் இரண்டாவது, இன்னோரிடத்தில் தலைகீழ் வரிசை என்று கண்டாலே போதும், கணினி உறையும் முன்பே அது எச்சரிக்கும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

நேரம் சார்ந்த பிழைகளில், கர்னலிலிருந்து செய்தி அச்சிடும் ‘பிரிண்ட்கே’ காலை வாரிவிடும். சீரியல் கன்சோலுக்கு ஒரு வரி அனுப்பும் தாமதத்திலேயே பிழை மறைந்துவிடலாம். அங்கே நினைவகத்திலேயே குறித்துக்கொள்ளும் ‘எஃப்டிரேஸ்’தான் கைகொடுக்கும். கர்னல் துவங்கும்போது முதலில் ஓடும் குறிநிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க, மெய்நிகர் கணினியை உருவாக்கும் க்யூஎமுவும் டீபக்கரான ஜிடிபியும் சேர்ந்தால் போதும். ஆனால் நிஜ வன்பொருளின் கோளாறு மெய்நிகர் கணினியில் தலைகாட்டாமலே போகலாம்.

போன பதிப்பில் ஓடியது இதில் ஓடவில்லையென்றால் எதையும் படிக்கும் முன் பிழையை நுழைத்த மாற்றத்தைத் தேடித்தரும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையைப் போடுங்கள். நடுவில் 1000 மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளி சிக்கும். கர்னல் குறிநிரலில் ஒரு வரிகூடப் புரியாதவரும் இதைச் செய்யலாம்.