குடி மாறும் முன் பார்க்க வேண்டிய காற்றும் வெயிலும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாமா என்று யோசிப்பவர்களில் பலர் தை, மாசியில் கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வந்த இடத்தில்தான் முடிவெடுக்கிறார்கள். வளவு முற்றத்தில் இளவெயில், ராத்திரி போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி, வேறென்ன வேண்டும்? அதே வீட்டில் சித்திரையில் ஒரு ராத்திரிகூடப் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஐயாவையும் அப்பத்தாவையும் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போகிற பிள்ளைகள் வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் விசாரிக்கிறார்கள். காற்றை யாரும் விசாரிப்பதில்லை. நெஞ்சு நோய் பார்க்கிற மருத்துவரிடம் அந்தக் கேள்வி வரும்போது பால் காய்ச்சிக் குடியேறி மூன்று மாதம் ஆகியிருக்கும், இருமலும் தொடங்கியிருக்கும்.

ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டுத் தொடரும் நுரையீரல் நோய்), இதய நோய் உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: போகப்போகும் ஊரின் மோசமான மாதத்தில் அங்கே இரண்டு, மூன்று இரவு தங்கிப் பாருங்கள். செட்டிநாட்டுக்கு அது சித்திரை, வைகாசி. சென்னைக்கு ஒரே மாதம் போதாது. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகி, பிற்பகல் வரை ஊர் அவிந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும் தெருக்கள் தனிக் கணக்கு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். மார்கழிக் கடைசியில் போகிப் புகை. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்காற்று பட்டாலே மூச்சு இறுகுகிற நோயாளிக்கு டிசம்பர், ஜனவரி விடியற்காலைதான் சோதனை. டெல்லியில் வேலை என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரையுள்ள காற்றைப் பார்க்காமல் சிஓபிடி உள்ள பெற்றோரை அழைத்துப் போகாதீர்கள்.

போய்த் தங்க முடியாதவர்கள் இந்திய வானிலைத் துறை வெளியிடும் 1991–2020 காலச் சராசரியைப் பார்க்கலாம். எல்லோரும் அதிகபட்ச வெப்பத்தைத்தான் தேடுவார்கள். வயதானவர்களுக்கு முக்கியம் குறைந்தபட்ச வெப்பம், அதாவது விடியற்காலை எவ்வளவு இறங்குகிறது என்பது. பகலில் 40 டிகிரியைத் தாங்கிய உடம்பு இரவில் ஆற வேண்டும். இரவு முழுக்க 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்காத வீட்டில் இதயம் ஓய்வெடுப்பதில்லை. பல நாள் சேர்ந்த களைப்பு ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மயக்கமாகத் தலைகாட்டும்.

வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 35 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கு அது சுமார் 37 டிகிரியாகத் தெரியும். அதே 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் சுமார் 50. கடலிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் காரைக்குடியின் கோடை வறண்ட சூடு. வியர்வை காய்வதால் உடம்பு குளிரும், ஆனால் வியர்த்ததே தெரியாமல் நீர்ச்சத்து இறங்கிவிடும். சென்னையில் தண்ணீர் குடித்தும் வியர்வை காயாமல் திணறல். ஒன்றுக்குப் பழகிய உடம்பு மற்றொன்றுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் பெங்களூரிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் சாமான் ஏற்றி வருவது நல்ல யோசனையல்ல. நீர் பிரியும் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேச வேண்டும். தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து, அப்படியே தொடர்ந்து தலைசுற்றி விழுவதும் ஆபத்து.

செல்போன் காட்டும் எண்

காற்றுத் தரக் குறியீட்டில்தான் குழப்பம் அதிகம். இந்தியக் குறியீடு எட்டு மாசுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது: பி.எம்.10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்கள்), பி.எம்.2.5 (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்கள்), நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். எட்டையும் கூட்டி வகுப்பதில்லை. எது மோசமோ அதன் எண்தான் ஊரின் எண். ஆகவே 140 என்று பார்த்தால் அடுத்த கேள்வி, எதனால் 140 என்பது. பி.எம்.10 காரணமென்றால் பெரும்பாலும் மண் தூசு, சாலைப் புழுதி, கட்டட வேலை. மூக்கையும் தொண்டையையும் படுத்தும். பி.எம்.2.5 என்றால் எரிந்த புகை. அது நுரையீரலின் கடைசி அறை வரை போகும், அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் நோயாளிக்கு இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த சிக்கல், செல்போனில் முதலில் வந்து நிற்கும் பல செயலிகள் அமெரிக்கக் குறியீட்டைக் காட்டுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம்.2.5 இருந்தால் இந்தியக் கணக்கில் அது 100, ‘திருப்திகரம்’ என்ற படியின் மேல்விளிம்பு. அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 150-ஐத் தாண்டி, எல்லோருக்குமே கேடு என்ற சிவப்பில் நிற்கும். ஒரு ஊரை ஒரு செயலியிலும் இன்னொரு ஊரை வேறு செயலியிலும் பார்த்து ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் கணக்கை ஒப்பிடுங்கள். பி.எம்.2.5-க்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு 40, 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது ஆண்டுக்கு 5, ஒரு நாளுக்கு 15. நோயில்லாதவருக்கு நாட்டு வரம்பை ஒரு குறைந்தபட்சப் படியாக எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நுரையீரல் பாதித்தவருக்கு ‘திருப்திகரம்’ என்ற சொல் திருப்தி தரக்கூடாது.

எண் எங்கே அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் நிலையத்தின் பெயரோடு வரும். சென்னை என்றால் மணலி வேறு, ஆலந்தூர் வேறு, வேளச்சேரி வேறு. அளவீட்டு நிலையம் பக்கத்தில் இல்லாத சிற்றூர்களுக்குச் செயலிகள் காட்டுவது செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. பக்கத்துத் தெருவில் குப்பை எரிவது அதற்குத் தெரியாது. மேலும் நுண்துகள் எண் 24 மணி நேரச் சராசரி. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே எழும்பாமல் கிடக்க, காலை ஆறிலிருந்து எட்டு வரை புகை தேங்கும். பிற்பகலில் தெளியும். சராசரி இரண்டையும் ஒன்றாக்கி அழகாகக் காட்டிவிடும். மார்கழியில் விடியற்காலை நடைப்பயிற்சி போகும் ஆஸ்துமா நோயாளிகளை மாலை நாலரைக்கு மாறச் சொல்வது இதனால்தான். சித்திரையில் அப்படியே திருப்பிப் போட வேண்டும், ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது.

ஊர் முடிவான பிறகு தெரு

சொந்த ஊர்க் காற்று எப்போதும் சுத்தம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துக்கொள்வது நல்லது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். மூட்டம் நாள்கணக்கில் கனியும், அதிலிருந்து கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் வரும். செங்கல் சூளை, அரிசி ஆலைச் சாம்பல், செம்மண் புழுதி, சீமைக்கருவேலின் மகரந்தம் எல்லாம் உண்டு. வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் விஷயம். ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருவது. சூளைக்குக் கிழக்கே வீடு இருந்தால் அந்த மூன்று மாதமும் புகை உங்களுக்கு. ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வீசும், அப்போது தென்மேற்கே இருப்பவர் பாடு. வீடு பார்க்கும்போது ஒரு காகிதத்தில் திசை போட்டு, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புகைகிற எதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் சூளைக்குப் பதிலாக முக்கியச் சாலை. வாகனப் புகை சாலையோரத்தில்தான் அடர்த்தி, 200 மீட்டர் உள்ளே தள்ளிப்போனால் கணிசமாகக் குறையும். அடுக்குமாடி என்றால் கீழ்த்தளத்தில் சாலைப் புகை, மொட்டைமாடிக்கு நேர் கீழே தளத்தின் சூடு, பெரியவர்களுக்கு நடுமாடி பரவாயில்லை. படுக்கையறை ஜன்னல் எதைப் பார்க்கிறது? ஜெனரேட்டர் புகைக்குழாய், ஹோட்டல் சமையற்கட்டுப் புகைபோக்கி, குப்பைத் தொட்டி எதுவும் எதிரே கூடாது. தரகர் பதினோரு மணிக்குத்தான் வீட்டைக் காட்டுவார். நீங்கள் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் தனியாக ஒருமுறை தெருவில் நின்று மோந்து பாருங்கள். ஜன்னல் கம்பியையும் மின்விசிறி இறக்கையையும் ஈர வெள்ளைத் துணியால் துடைத்தால் பாதி உண்மை தெரியும்: செம்பழுப்பு நிறம் மண் தூசு, கறுத்துப் பிசுபிசுத்தால் எரிபொருள் புகை. சுவரின் அடியில் இடுப்புயரக் கறை இருந்தால் அது வெள்ளம் நின்ற அடையாளம். புதிதாக வெள்ளையடித்திருந்தால் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேட்கலாம், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

சென்னைக்குப் போன குழந்தைக்கு இழுப்பு அதிகமானால் எல்லோரும் புகையைத்தான் குற்றம் சொல்வார்கள். பல வீடுகளில் காரணம் மெத்தை. ஈரப்பதம் 50, 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் தூசுப் பூச்சி பெருகும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்து 60-க்குக் கீழே நிறுத்தப் பாருங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும். பெங்களூரில் பார்த்தீனியக் களையின் மகரந்தமும் பிற மகரந்தங்களும். அந்த ஒவ்வாமை போன உடனே வராமல் ஒன்றிரண்டு பருவம் கழித்துக்கூட வரும் என்பதால், முதல் வருடம் நன்றாக இருந்ததை வைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பவர்களுக்கு

தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் முற்றமும் உள்ள பழைய வீடு, மேலே காங்கிரீட் தளம் போட்ட புது வீட்டைவிடக் கோடையைத் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் புறாவும் வௌவாலும் குடியிருக்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டும்போது எழும் தூசு சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். கூட்டிய நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வரும். சளிக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுவிட்டு மறுநாளும் கூட்டப் போவார்கள். திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழும்.

செய்ய வேண்டியது: முதல் நாளே முகப்புக் கதவிலிருந்து பின்கட்டு வரை எல்லாவற்றையும் திறந்து போடவும். எச்சத்தின்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி அள்ளிப் பையில் கட்டவும். வேலை செய்பவருக்கு என்95 முகக்கவசம். துண்டைக் கட்டிக்கொள்வது பயன் தராது. ஆச்சியையும் குழந்தைகளையும் இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்லவும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே கழிவறையில் கொட்டவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். (ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் பட்டால் பூவேலையும் போய்விடும். நுரையீரலுக்காகக் கேட்காதவர்கள் தரைக்காகக் கேட்கிறார்கள்.)

இத்தகைய வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வளவில் வைத்துப் பயனில்லை, முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மூடிய படுக்கையறையில் மட்டும் வைக்கவும். அறையின் கன அளவைப்போல் ஐந்து மடங்கு காற்றை மணிக்கு வடிகட்ட வேண்டும். 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர், மணிக்கு 170 கன மீட்டர் திறன் போதும். பழைய வீட்டில் உயரம் 14 அடி இருந்தால் அதே அறைக்குச் சுமார் 240 தேவை. கடையில் சதுர அடி மட்டுமே சொல்வார்கள். இயந்திரத்தை ஓடவிட்டுப் பக்கத்திலேயே கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதையும் பார்க்கிறோம். ஒரு சுருள் விடும் நுண்துகளை 75-க்கு மேற்பட்ட சிகரெட்டுகளுக்குச் சமமாக அளந்திருக்கிறார்கள். கொசுவலை போதும்.

குடிபோவதற்கு ஒரு மாதம் முன்பே ஆஸ்துமா நோயாளிகள் பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் சிறு கருவி) வாங்கிவிடலாம். காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதி வைக்கவும். பழைய ஊரில் இரண்டு வாரம், புது ஊரில் இரண்டு வாரம். உங்கள் உச்ச அளவு 400 என்றால் 320-க்குக் கீழே போகும்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும், 200-க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்கவும். சாமான் வண்டியில் இன்ஹேலரையும் இன்சுலினையும் ஏற்றாதீர்கள். பெரும்பாலான இன்ஹேலர்கள் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கி எறியத்தான் வேண்டும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டாமல் துணி சுற்றி, கைப்பையில் உங்களோடு வரட்டும்.