மைன்கிராஃப்ட் மோடும் அப்பாவின் நெட்பேங்கிங்கும்

கோடை விடுமுறையில் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கூடவே எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். "கேம் விளையாடியே சிஸ்டத்தைக் கெடுத்துட்டான் சார், நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். பையன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். மைன்கிராஃப்ட் விளையாட்டை மாற்றியமைக்கும் மோட் என்று நம்பி அவன் இறக்கிய ஃபைல் அங்கேயே கிடந்தது. பெயர் 'டாட் ஜார்' என்று முடிந்தது. வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தேன். பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் தெரிந்தது: 'டாட் இஎக்ஸ்இ'. மோட் வேஷம் போட்டு வந்த விண்டோஸ் புரோகிராம் அது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையனுக்கு உடனே விளங்கிவிட்டது.

கேம் விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டில் அவனுடைய கணக்கு அதற்குள் வேறு யார் கைக்கோ போயிருந்தது. அப்பாவின் நெட்பேங்கிங் பாஸ்வேர்டும் அதே பிரவுசரில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, பணம் போகவில்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் என்ற முறையில் பெற்றோருக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். மோட் போட ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். கொடுத்த விளையாட்டை அப்படியே விளையாடாமல் அதன் உள்ளே கைவைத்துப் பார்க்க நினைக்கிறான். புரோகிராமிங் பக்கம் வந்த பலருக்கு அதுதான் முதல் படி. ஆனால் மோட் என்றால் என்ன என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் மோட் என்பது ஒரு ஜார் ஃபைல். படமோ பாட்டோ போன்றதல்ல, முழு புரோகிராம். விளையாட்டைத் திறந்ததும் அதுவும் ஓடும். அப்போது நுழைந்திருக்கும் விண்டோஸ் கணக்கில் நீங்கள் திறக்கக்கூடிய எல்லா ஃபைலையும் அதுவும் திறக்கலாம். அதைத் தடுக்க விளையாட்டுக்குள் வேலி எதுவும் கிடையாது.

"தெரிந்த தளத்திலிருந்துதானே இறக்குகிறான்" என்பார்கள். 2023 ஜூனில் நடந்ததைக் கேளுங்கள். மோடுகளுக்குப் பேர்போன கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் சில கணக்குகள் களவாடப்பட்டு, அவற்றின் வழியாக 'ஃபிராக்சரைசர்' என்ற வைரஸ் மோடுகளுக்குள் நுழைந்தது. பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டு, டிஸ்கார்டு, மைக்ரோசாஃப்ட் லாகின் எல்லாவற்றையும் அது திருடியது. கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜார் ஃபைல்களுக்குள்ளும் தன்னை ஒட்டிக்கொண்டது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் பாதிக்கப்பட்டன. மோட் எழுதுகிறவர்களே கூடி அதைப் பிரித்து ஆராய்ந்து எச்சரித்தார்கள்.

அதனால்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது: பிள்ளைக்கு விண்டோஸில் தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்ற வகை போதும், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். உங்கள் கணக்கில் சேமித்தவற்றை அவன் கணக்கில் ஓடும் மோட் சாதாரணமாக எட்ட முடியாது. பத்து நிமிஷ வேலை, காசு செலவில்லை.

இறக்கும்போது கர்ஸ்ஃபோர்ஜ், மோட்ரிந்த் போன்ற இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க் வேண்டாம். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று எங்கே எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப் ஃபைலும் அப்படித்தான். ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகவே பூட்டுகிறார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? டேட்டா பேக்கிலிருந்து. 2018-இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. விளையாட்டின் விதிகளை மாற்ற நோட்பேடில் எழுதும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள்தான், வெளியிலிருந்து எந்த புரோகிராமும் உள்ளே வராது. விண்டோஸை மறுபடி ஏற்றி முடித்ததும் அந்தப் பையனை உட்காரவைத்து ஒன்று செய்துகாட்டினேன். ஜோம்பியைக் கொன்றால் கிடைக்கும் அழுகிய இறைச்சியை உலையில் போட்டால் தோல் வரவேண்டும். அசல் விளையாட்டில் அது கிடையாது. எட்டுப் பத்து வரிகள் எழுதினான். சமைக்கும் நேரம் 200 என்று போட்டோம். விளையாட்டின் கணக்கில் நொடிக்கு 20 துடிப்பு, ஆக 10 நொடி. ஃபைல்களை மறுபடி படிக்கச் சொல்லும் '/ரீலோட்' கட்டளையைக் கொடுத்தான், வேலை செய்யவில்லை. பிழைகள் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு இடத்தில் கமா விட்டுப்போயிருக்கிறது. அதை அவனே கண்டுபிடித்தான். இரண்டாம் முறை உலையிலிருந்து தோல் வந்ததும், "இவனா எழுதினான்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

அதில் கை பழகியபின் மோடுக்குப் போகலாம். அதற்கு மோடை விளையாட்டுக்குள் ஏற்றிவிடும் ஃபேப்ரிக், ஃபோர்ஜ் மாதிரி ஒரு லோடர் வேண்டும். ஒன்றுக்கு எழுதிய மோட் பொதுவாக இன்னொன்றில் ஓடாது. விளையாட்டின் பதிப்பு எண்ணும் பெரும்பாலும் கடைசி இலக்கம்வரை பொருந்தவேண்டும். 1.20.1-க்கு எழுதியதை 1.20.4-இல் போட்டுவிட்டு "கேம் கிராஷ் ஆகுது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் விளையாட்டில் கட்டிய உலகங்கள் இருக்கும் 'சேவ்ஸ்' ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டுப் போடுங்கள். மோடை நீக்கினால், அது கொண்டுவந்த கட்டைகள் உலகத்திலிருந்து போய்விடும், மாதக்கணக்கில் கட்டிய வீடானாலும்.

ஏற்கெனவே தவறான ஃபைலைக் கிளிக் செய்தாயிற்று என்றால், முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் ஆகும் வசதியையும் பயன்படுத்துங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். எந்த ஃபைல், எந்தத் தளம், எப்போது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பயந்தால் சொல்லமாட்டான்.