பூட்டு உடைப்பா, பூட்டு நீக்கமா?

"போன் லொக் உடைத்துத் தரப்படும்" என்று இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைவீதியில் ஒருவர் எழுதி ஒட்டினால் எனக்குக் கோபம் வராது. பேச்சு வழக்கு அப்படித்தான். அதையே செய்தியிலும் சட்ட விளக்கத்திலும் 'unlocking' என்பதற்குப் 'பூட்டு உடைப்பு' என்று கலைச்சொல்லாக உட்காரவைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி கைத்தொலைபேசியில் வைக்கும் தடைதான் லொக். விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் வேறு பக்கம் போகாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு. நம் பக்கத்தில் போனைவிட, சிம் போட்டு இணையம் எடுக்கும் டொங்கிளும் ரவுட்டரும்தான் இப்படி வருகின்றன. ஒரு தோட்டத்தில் நன்றாக எடுக்கும் சிக்னல் மலைக்கு அந்தப் பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், எடுக்காது. வேறு நிறுவனச் சிம்மை மாற்றிப் போட்டால் ரவுட்டர் ஏற்காது.

'பூட்டு' என்பது 'பூண்' என்பதன் பிறவினை: அணிவி, பிணை, மாட்டு. ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் இதுதான். மாட்டை நுகத்தோடு பிணைப்பதுபோல் போனை ஒரு நிறுவனத்தோடு பிணைக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

வம்பு அடுத்த சொல்லில். "கடையின் பூட்டை உடைத்து" என்று தொடங்கும் செய்தி பொலிஸ் நிலையத்தில்தான் முடியும். காசு கொடுத்து வாங்கியவர் தன் போனின் பூட்டை எடுப்பது குற்றமா என்பதுதான் இந்தத் தகராறுகளின் மூலக் கேள்வியே. அமெரிக்காவில் 1998 இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் பாட்டையும் படத்தையும் திருட்டுப் பிரதியிலிருந்து காக்க வந்தது. அதைப் போன் பூட்டுக்கும் இழுத்தார்கள். 2006 இல் விலக்குக் கிடைத்தது. 2013 ஜனவரியில் புதிதாக வாங்கும் போன்களுக்கு அது இல்லாமல் போனது. 2014 ஆகஸ்டில் தனிச் சட்டம் போட்டு மீட்டார்கள். பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போனை நிறுவனங்கள் விற்கவே முடியாது. இவ்வளவு வாதாடிய விடயத்துக்கு 'உடைப்பு' என்று பெயர் வைத்தால், மொழிபெயர்ப்பாளரே நீதவானாகித் தீர்ப்பையும் எழுதிவிட்டார் என்றுதான் அர்த்தம். அதுவும் நிறுவனங்களின் தரப்புக்குச் சாதகமாக! உண்மையில் எதுவும் உடைவதுமில்லை. பல வேளை நிறுவனமே ஓர் இலக்கத் தொடரைத் தரும்; அடித்தால் பூட்டுப் போய்விடும்.

'பூட்டுத் திறப்பு' என்பாரும் உண்டு. இலங்கைத் தமிழில் திறப்பு என்றால் சாவி. 'பூட்டுத் திறப்பு இலவசம்' என்று போட்டால் சாவிக்கொத்துக் கேட்டு ஆள் வரும். மேலும், திரைப்பூட்டைத் திறக்கிறோம், அது மறுபடி பூட்டிக்கொள்கிறது. நிறுவனப் பூட்டோ ஒருதரம் எடுத்தால் எடுத்ததுதான். ஆகவே 'பூட்டு நீக்கம்'.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். யார் வாசிப்பார் என்று யோசிப்பதில்லை. ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாடிக்கையாளரை 'பூட்டு உடைத்த பாவனையாளர்' என்று எழுதியிருந்தார்கள். பூட்டை உடைத்ததாகப் பாவனை செய்தவரா? இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் தமிழ்ப் பெயரிலேயே 'நுகர்வோர்' இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன? வாங்குபவரை ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடுக்கும் சட்டம் அது. அப்படியிருக்க, ரவுட்டர் பெட்டியின் மேல் 'இந்த நிறுவனச் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டது' என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?