ஊராட்சி சீல் குத்திய சமாதானத் தாள்

சில வருடங்களுக்கு முன் ஒருவர் என் ஆபீசுக்கு வந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த ஒரு தாளை மேசையில் விரித்தார். கீழே ஊராட்சி மன்ற சீல். 'முதல் தரப்பு', 'இரண்டாம் தரப்பு' என்று பெயர்கள். இனிமேல் இரு தரப்பும் வம்புக்குப் போவதில்லை என்று நாலு வரி. இரண்டாம் தரப்பு அவர் மகன். புது பைக்கில் அந்தத் தெரு வழியாகப் போனதற்காகச் சாதிப்பெயர் சொல்லி அடிக்கப்பட்ட 19 வயதுப் பையன். அடித்தவர்கள் போட்ட அதே கையெழுத்தை அவனும் போட்டிருந்தான்.

அதை எழுதவைத்த ஊராட்சித் தலைவர் கெட்டவர் இல்லை. ஊர் ரெண்டுபட வேண்டாம் என்று நினைத்திருப்பார். ஆனால் நாற்பது நாள் கழித்து மறுபடி மிரட்டல் வந்து புகார் கொடுக்கப் போனபோது, 'அன்றைக்கே ஏன் வரவில்லை?' என்ற கேள்விதான் முதலில் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்தத் தாளே போதும்.

இப்படிச் சாதி வன்கொடுமைக்குப் போடும் வழக்கு ஊர்வாயில் இன்னமும் 'பிசிஆர் கேஸ்'தான். பழைய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம் அது; 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் பழைய பெயர் போகவில்லை. அந்தச் சட்டத்தில் 2018இல் கொண்டுவந்த திருத்தப்படி, எஃப்ஐஆர் போட முதல்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையக் கூடாது. பொது இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் ஒரு லட்சம் நிவாரணம். அதில் கால் பங்கு எஃப்ஐஆர் கட்டத்திலேயே தர வேண்டும். எஃப்ஐஆர் இல்லையென்றால் அந்தக் காசும் இல்லை. சமாதானம் பேசுகிறவர்கள் இதை அந்தக் குடும்பத்திடம் சொல்வதே இல்லை.

சரி, ஊராட்சி என்னதான் செய்யலாம்? அது போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. ஆனால் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை, நூறு நாள் வேலை எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. பழிவாங்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும். புகார் கொடுத்தவர் தெருவுக்கு மட்டும் தண்ணீர் வராது. கேட்டால் மோட்டார் ரிப்பேர். வேலைக்குப் போனால் 'லிஸ்ட்டில் உன் பேர் இல்லை' என்பார் பணித்தளப் பொறுப்பாளர். இப்படி ஒதுக்கிவைப்பது, அதே சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி தனிக் குற்றம். அதனால் சம்பவம் நடந்த மறுநாள் தலைவரும் செயலரும் அந்தத் தெருவுக்கு நேரில் போய்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஊராட்சி வைத்த கேமரா இருந்தால் பதிவை உடனே எடுத்து வைக்க வேண்டும். விட்டால் அதன் மேலேயே புதிதாகப் பதிவாகிவிடும். கிராம சபையில் கண்டனத் தீர்மானம் போடலாம். பாதிக்கப்பட்டவரை எழுப்பி நிறுத்தி, 'நடந்ததைச் சொல்லுப்பா' என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேயும் நேரில் போனார்கள். போய் விசாரித்ததில்தான் டீக்கடைத் தனி டம்ளரும், கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தன. அந்த மக்களை அவர்களே கோயிலுக்குள் அழைத்துப்போனார்கள். அப்புறம் 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்த மக்களிலேயே மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டதும், அவர்கள் அதை ஏற்காததும் தனிக்கதை. தொட்டி மூடிக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று ஒரு பதிவேடு: இதற்கு எந்த ஊராட்சியும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேச்சே கூடாது என்று சொல்லவில்லை. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006இல் ஆட்சியர் உதயசந்திரன் மக்களிடம் திரும்பத் திரும்பப் பேசித்தான் நடத்தினார். அது வருடக்கணக்கில் இறுகிக் கிடந்தது. பேசித்தான் இளக்க முடியும். ஆனால் நேற்று ராத்திரி ஒருவன் மண்டை உடைந்திருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, உடனே ஸ்டேஷன். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566க்குப் போன் செய்யலாம்.

இன்னொரு ஊரில் ஒரு செயலர், குடிநீர்ப் பதிவேட்டில் இப்படி எழுதி வைத்திருந்தார்: 'காலை 6.40. காலனி வால்வு உடைக்கப்பட்டுள்ளது. காவல் நிலையத்துக்கும் பிடிஓவுக்கும் தகவல் சொல்லப்பட்டது. 8.15க்கு டேங்கர் வந்தது.' கீழே அவர் கையெழுத்தும் டேங்க் ஆபரேட்டர் கையெழுத்தும். விசாரணையில் அந்தப் பக்கம் சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. குறுக்கு விசாரணையில் நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.