கொந்திசியொனலித்தே: தமிழில் என்ன சொல்லலாம்?

ரெயூனியன் தீவின் சேந்தாந்த்ரே ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கரும்பு பயிரிடுகிறவர். மானியம் பற்றி வந்த கடிதத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "வாத்தியாரே, இதற்குத் தமிழில் என்ன?" என்றார். கேட்டது தீவின் பேச்சுமொழியான கிரியோலில், தமிழில் அவருக்குத் தெரிந்தவை கோயில் சொற்கள்தாம். அவர் காட்டிய பிரெஞ்சுச் சொல் கொந்திசியொனலித்தே (conditionnalité).

ரெயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் உதவி இங்கும் வருகிறது. அதை முழுதாகப் பெற வேண்டுமானால் நீர், மண், உணவுப் பாதுகாப்பு, கால்நடை நலம் பற்றிய விதிகளை மீறக் கூடாது. மீறினால், 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கு, மானியத்தில் பிடித்தம்: கவனக்குறைவுக்குப் பொதுவாக 3 விழுக்காடு, தெரிந்தே செய்தால் குறைந்தது 15. அந்தந்தச் சட்டத்துக்குரிய தண்டம் தனி. இந்த ஏற்பாட்டின் பெயர்தான் கொந்திசியொனலித்தே.

ஒன்றியம் ஆங்கிலத்தில் இதை 2022 வரை கிராஸ் கம்ப்ளையன்ஸ் என்றது. 1970களில் அமெரிக்காவில் எழுந்த பேச்சு அது. ஒரு திட்டத்தில் பணம் வாங்குகிறவர் வேறு திட்டத்தின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்பதே அந்த 'கிராஸ்'. ஐரோப்பா 2003 சீர்திருத்தத்தில் இதைக் கட்டாயமாக்கியது; 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. 'குறுக்கு இணக்கம்' என்று பெயர்த்தால் யாரோ குறுக்கு வழியில் சமரசம் செய்துகொண்டதுபோல் ஒலிக்கிறது. வேண்டாம்.

பிரெஞ்சுச் சொல்லின் வேர் லத்தீன்: சேர்ந்து பேசி ஒப்புக்கொண்டது என்று பொருள். நம் 'நிபந்தனை' வடசொல். 'பந்த்' என்றால் கட்டுதல். அதே வேரிலிருந்து வந்த 'நிவந்தம்' சோழர் கல்வெட்டுகளில் இருக்கிறது: கோயில் விளக்குக்கும் அமுதுபடிக்கும் இன்னது இன்னபடி என்று வகுத்து விட்ட கொடை. கொடையும் விதியும் ஒரே வேரில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தனித்தமிழில் 'கட்டு' இருக்கிறதே. ஆனால் 'மானியக் கட்டுப்பாடு' என்றால் மானியத்தையே குறைக்கப் போகிறார்கள் என்று படிப்பவர் பதறுவார். 'பிணைநெறி' என்றால் நீதிமன்ற ஜாமீன் நினைவுக்கு வருகிறது. எனவே 'கட்டுநெறி' என்பேன்.

பெரியவருக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. "தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறீர்களே, கட்டிய பிறகு?" என்றேன். "கறி இல்லை, சாராயம் இல்லை." "இதுவும் அப்படித்தான். மானியம் வாங்கிவிட்டால் மருந்தடித்த நாள், மருந்தின் பெயர், அளவு, எந்த வயல், எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும்." சிரித்துவிட்டு, ரவீன் ஓரத்து வயலுக்கு என்ன என்று கேட்டார். ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடந்து, புயல் மழைக்குப் பாறையை உருட்டிக்கொண்டு வரும் ஓடையைத்தான் இங்கே ரவீன் என்கிறோம். நீரோட்டக் கரையில் உரமும் பூச்சிமருந்தும் படாத பட்டை ஒன்றை விட வேண்டும். ஒன்றிய விதியில் அதன் அகலம் குறைந்தது 3 மீட்டர், பிரான்ஸ் கேட்பது 5. அவர் எழுந்து முற்றத்தில் 5 மீட்டரைக் காலால் அளந்து பார்த்தார். கடைசி அடி துளசி மாடத்தைத் தாண்டிப் போயிற்று. "இரண்டு வரிசைக் கரும்பாவது போகும்" என்றார்.

மறுநாள் புது நோட்டு வாங்கி வந்து, அட்டையில் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.