எலெக்ட்ரிக் காரில் டேஷ்கேம்: 4கே இருக்கட்டும், கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

பெங்களூரில் எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்களில் பலர் நம்பர் பிளேட் மாட்டிய கையோடு முன்கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம் கேமராவைப் போடவும் எங்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள். நல்லதுதான். 2023 ஜனவரியில் சர்ஜாபூர் ரோடு பக்கம் நடுராத்திரியில் பைக்கில் வந்த இரண்டு பேர் வேண்டுமென்றே ஒரு காரில் மோதிவிட்டு, உள்ளே இருந்த தம்பதியைத் துரத்திக்கொண்டே வந்ததும், அது அப்படியே டேஷ்கேமில் பதிவாகி, வீடியோ பரவிய பிறகு போலீஸ் ஆளைப் பிடித்ததும் இங்கே நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அதனால் டேஷ்கேம் தேவையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "4கே இருக்கா, வைஃபை இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள். வண்டி நிற்கும்போது இது எங்கிருந்து கரண்ட் எடுக்கும் என்று கேட்பவரை நான் பார்ப்பது அபூர்வம். எலெக்ட்ரிக் காரில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எலெக்ட்ரிக் காரில் இரண்டு பேட்டரி உண்டு. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. அதன் ஆரஞ்சு நிற வயர்களில் நானும் கை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். இன்னொன்று சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பல மாடல்களில் பெட்ரோல் காரில் இருப்பதைவிடச் சின்னது. கதவு லாக், ஸ்கிரீன், விளக்கு எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியம், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை மூடவே இந்த 12 வோல்ட்தான் வேண்டும். இது படுத்துவிட்டால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் வண்டி அசையாது, சில மாடல்களில் சார்ஜும் ஏறாது.

பெள்ளந்தூர் அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து பொங்கல் முடிந்து ஒரு போன் வந்தது. குடும்பத்தோடு ரயிலில் திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் திரும்பினால், இரண்டாவது பேஸ்மென்ட்டில் விட்டுப் போன கார் சாவிக்கே பதில் சொல்லவில்லை. "அண்ணே, மெயின் பேட்டரில 70 பர்சென்ட் விட்டுட்டுத்தான் போனோம், எப்படி டெட் ஆகும்?" ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி 12 வோல்ட்டில் மீட்டரை வைத்தால் 9க்கும் கீழே காட்டுகிறது. டேஷ்கேம், வண்டி நிற்கும்போதும் விழித்திருந்து பதிவு செய்யும் பார்க்கிங் மோடில் இருந்திருக்கிறது. அந்த பேஸ்மென்ட்டில் எந்த வண்டி உள்ளே வந்தாலும் ஹெட்லைட் இவர் கண்ணாடியில் அடிக்கும், அடித்ததும் கேமரா ஏதோ நகர்கிறது என்று நினைத்து ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கும். மாட்டிக்கொடுத்த கடையில் கட்-ஆஃப் வோல்டேஜை, அதாவது பேட்டரி எவ்வளவு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்ற அளவை, வயர் கிட் வந்தபடியே, இருப்பதிலேயே குறைவாக விட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு பேட்டரி இறங்கிய பிறகு கேமரா நின்று என்ன பிரயோஜனம், மிச்சத்தைக் காரின் சொந்த எலெக்ட்ரானிக்ஸே குடித்துவிடும்.

கணக்கு ரொம்ப எளிது. டேஷ்கேம் ஓடும்போது சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவரைத் தாண்டும். 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி, மூன்றே நாளில் காலி. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் போச்சு. நிற்கும்போதும் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு அவ்வப்போது தானாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கார்கள் இருக்கின்றன, ஏற்றாத கார்களும் இருக்கின்றன. உங்கள் மாடல் எந்த வகை என்பதை மேனுவலைப் பார்த்தோ சர்வீஸ் சென்டரில் கேட்டோ தெரிந்துகொள்ளாமல் பார்க்கிங் மோடை ஆன் செய்யாதீர்கள்.

பார்க்கிங் மோட் வேண்டுமென்றால் கேமராவைக் காரின் ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் மூன்று வயர் ஹார்ட்வயர் கிட் போட வேண்டும். எப்போதும் கரண்ட் வரும் லைனுக்கு மஞ்சள், வண்டியை ஆன் செய்தால் மட்டும் வரும் லைனுக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. பெரும்பாலான கிட்டில் நிறம் இப்படித்தான் இருக்கும், ஆனாலும் பெட்டியில் இருக்கும் தாளை ஒருமுறை பாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதனால் கட்-ஆஃபை 12.2க்குக் கீழே நான் வைப்பதே இல்லை, 12.4 இருந்தால் அதில்தான் வைப்பேன். கேமரா சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள், பரவாயில்லை. சில புது மாடல்களில் 12 வோல்ட்டே லித்தியம் வகை. அதில் வோல்டேஜ் கடைசி வரை 13ஐ ஒட்டியே நின்றுவிட்டுச் சடாரென்று விழும் என்பதால் வோல்டேஜ் கட்-ஆஃபை நம்ப முடியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று டைமர் உள்ள கிட்தான் சரி. ஊருக்குப் போகிறீர்களா? கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி போர்ட்டில் செருகினாலே போதும், வயரிங் வேலையே இல்லை என்று ஒரு கேபிள் விற்கிறது. எலெக்ட்ரிக் காருக்கு அது வேண்டாம். அந்த போர்ட்டில் ஏதாவது செருகியே இருந்தால் சில கார்களில் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போவதில்லை, கேமரா குடிப்பது போதாதென்று அவையும் விழித்திருந்து குடிக்கும்.

இனி மாட்டுகிற வேலை. வயரைச் சீவி ஜாயின்ட் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நாளைக்கு வாரன்டியில் தகராறு வர அந்த ஒரு ஜாயின்ட் போதும். ஃபியூஸ் டேப் என்று ஒரு சின்ன சாமான் இருக்கிறது, ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினால் பழைய ஃபியூஸும் கேமராவின் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸும் அதிலேயே உட்கார்ந்துவிடும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் கேமராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும், வேலை செய்யும், ஆனால் தப்பு. மீட்டர் வைத்துப் பார்த்துப் போடுகிறவரா, குத்துமதிப்பாகச் செருகுகிறவரா என்பதை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம். ஏர்பேக், பிரேக், மோட்டார் கன்ட்ரோல் ஃபியூஸ் பக்கமே போகக் கூடாது. எர்த்தைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கொடுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் பல கார்களில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும், அதைத் தாண்டி நேரடியாக டெர்மினலில் கொடுத்தால் கேமரா இழுப்பது காருக்குக் கணக்கிலேயே வராது.

நான் கடைக்கு வெளியே நின்று கத்தாத குறையாகச் சொல்வது ஏ-பில்லர் விஷயம். கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ரூஃப் லைனிங்கிலிருந்து வயரை இறக்கும்போது மூடியைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால், காரின் சொந்த வயரிங்கோடு சேர்த்துத் துணி டேப் சுற்றி இறக்க வேண்டும். அவசரக்காரர்கள் மூடியைக் கழற்றாமல் விளிம்பில் வயரைத் திணித்து ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், வெளியே பார்க்க நேர்த்தியாகவே இருக்கும். விரியும் ஏர்பேக்குக்குக் குறுக்கே அந்த வயர் கிடக்கிறது என்பது விபத்து வரைக்கும் தெரியாது. அப்புறம், அடாஸ் (தானாக பிரேக் போடுவது போன்ற ஓட்டுநர் உதவி வசதி) உள்ள காரில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் காரின் சொந்தக் கேமரா இருக்கும், மழை சென்சாரும் அங்கேயே. டேஷ்கேம் அதன் பார்வையை மறைக்கவே கூடாது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே லித்தியம் பேட்டரி உள்ளதை விட்டுவிட்டு கெபாசிட்டர் உள்ளதை வாங்குங்கள், ஏப்ரல் வெயிலில் திறந்தவெளியில் நின்றால் உப்பிப்போவது அந்த பேட்டரிதான். 4கே என்ற எழுத்தைவிட நல்ல சென்சார் முக்கியம். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் இரவில் எதிரே வேகமாக வரும் பைக்கின் நம்பரைப் பிடிப்பது கஷ்டம்; அதனால் ஏதாவது நடந்தால் நம்பரை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள், மைக்கில் பதிவாகிவிடும். மெமரி கார்டு, ஓயாமல் பதிவதைத் தாங்கும் ஹை-எண்டியூரன்ஸ் வகைதான், பழைய போனிலிருந்து உருவியது வேண்டாம். மோதல், குலுக்கலை உணரும் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். நம்மூர் ஹம்ப்புக்கும் பள்ளத்துக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) இழுக்கும் இழுப்புக்கும் அது விபத்து என்று நினைத்து ஒவ்வொரு கிளிப்பாகப் பூட்டிவைக்கும். பூட்டிய கிளிப்பின் மேல் புதிது பதியாது என்பதால் சில மாடல்களில் கார்டு நிறைந்து ரெக்கார்டிங்கே நின்றுபோகும். மாதம் ஒருமுறை கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

உண்மையிலேயே விபத்து நடந்துவிட்டால் வீடியோவை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதுவே சாட்சி என்று இருந்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதிநியம் அமலில் இருக்கிறது. அதன் 63ஆவது பிரிவின்படி கோர்ட்டில் டிஜிட்டல் பதிவின் நகலைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் அந்த ஃபைலின் ஹேஷ் மதிப்பும் (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்து-எண் வரிசை) இடம்பெற வேண்டும். ஃபைலில் துளி மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும், வாட்ஸ்அப் சுருக்கிய வீடியோவும் வேறு ஃபைல்தான். கார்டை உடனே கழற்றி ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிடுங்கள். போலீஸுக்கோ இன்ஷூரன்ஸுக்கோ காப்பி கொடுங்கள், அவர்கள் ஒரிஜினலையே கேட்டால் எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். வண்டிக்குப் புதுக் கார்டு போட்டு ஓட்டலாம்.